கொடுங்கையூர் வரை போகும் காகிதம்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. இரண்டு வாளி ஊற்றிப் பார்த்தோம். விளிம்பு வரை ஏறி வந்ததே தவிரக் கீழே போகவில்லை. மறுநாள் காலையில் அடைப்பு எடுப்பவர் வந்தார். வாசலோரம் இருக்கும் சேம்பரின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, நீளமான மூங்கில் பிளாச்சுகளை ஒன்றோடொன்று கம்பியால் கட்டிக் குழாய்க்குள் செலுத்தி, முன்னும் பின்னுமாக இழுத்தார். கால் மணி நேரத்துக்குப் பிறகு பிளாச்சின் நுனியில் சிக்கிக்கொண்டு வெளியே வந்தது, அம்மாவுக்காக நான் மருந்துக் கடையில் வாங்கி வந்த ஈர வைப்ஸ். ஏழெட்டு வைப்ஸ் ஒன்றாக முறுக்கிக்கொண்டு தேங்காய் நார்க் கயிறு போலக் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கிழிந்திருக்கவில்லை. மேலே அச்சிட்டிருந்த புள்ளி வேலைப்பாடுகூட அப்படியே தெரிந்தது.

"அக்கா, இது பேப்பர் இல்ல, துணி மாதிரி. எத்தனை நாள் கெடந்தாலும் கரையாது," என்றார் அவர்.

"பாக்கெட்டுல கழிவறையில போடலாம்னு எழுதியிருந்தது அண்ணே."

"எழுதறவங்க யாரும் இதுக்குள்ள கைய விட்டுப் பாக்கறது இல்லக்கா."

கையுறை இல்லாமல்தான் அவர் அந்தச் சுருணையைப் பிய்த்தெடுத்து ஓரமாகப் போட்டார். வெந்நீரும் சோப்பும் கொண்டு போய்க் கொடுத்தேன். நான் படிக்காமல் விட்ட ஒரு பொட்டலத்தின் விலையை இன்னொருவர் தம் கையால் கொடுத்தார் என்பது என்னை விட்டு நீங்கவே இல்லை. கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன் அது 10 இலட்சமாக இருந்தது. தொகை ஏறியிருக்கிறது என்றால் இறப்பு இன்னும் நிற்கவில்லை என்றுதான் பொருள். அடைப்பு ஏற்படும் ஒவ்வொரு முறையும் அதன் மறுமுனையில் ஓர் ஆள் வந்து நிற்கிறார். அம்மாவுக்கு எந்தக் கழிப்பறைக் காகிதம் வாங்குவது என்ற கேள்வியை நான் முழு அக்கறையோடு எடுத்துக்கொண்டது அந்தக் காலையில்தான்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு, கழிவறைக்குச் சென்று வந்தபின் ஈரத்தைத் தாமே துடைத்துக்கொள்வது கடினமாகிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் தண்ணீரால் கழுவிக்கொள்கிறவர்கள்தாம். அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை, மாற்றவும் கூடாது. ஆனால் கழுவிய ஈரம் அப்படியே தங்கி, நாற்காலியிலும் கட்டிலிலும் மணிக்கணக்கில் அழுந்தியபோது, தொடை இடுக்கில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்துச் செல்லும் செவிலியர், கழுவியபின் தேய்க்காமல் மென்மையான ஒன்றால் ஒற்றியெடுத்து உலர்த்த வேண்டும் என்று சொன்னார். முதலில் பழைய நூல் சேலையைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்தோம். துணிக்கு இணையான மென்மை வேறெதிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் துணிகளை நாள்தோறும் வெந்நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். மழை நாட்களில் அவை உலரவே இல்லை. அரைகுறை ஈரத்தோடு எடுத்து ஒற்றியதில் புண் கூடியது. அதன் பிறகுதான் வைப்ஸுக்கு மாறினேன். அது எங்கே போய் முடிந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

"தண்ணி இருக்கறப்போ காகிதம் எதுக்குடி?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்காக விடியற்காலை மூன்று மணிக்குக் குடங்களை வரிசையில் வைத்த நாட்களில்கூட, கழிவறைக்கென்று ஒரு குவளை தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. தண்ணீருக்கு மாற்றாக இல்லாமல், தண்ணீருக்குப் பின்னால் ஈரம் ஒற்ற மட்டுமே காகிதம் என்று அத்தைக்குச் சொன்னேன். இந்த வேறுபாடு தேர்வையே மாற்றிவிடுகிறது. தண்ணீர் தொடாமல் காகிதத்தை மட்டுமே நம்பும் வீடுகளுக்கு நிறைய ஏடுகளும் தடிப்பும் தேவைப்படும். கழுவிவிட்டு ஒற்றுகிறவர்களுக்கு ஒரு வேளைக்கு மூன்று ஏடுகள் போதும். ஈரத்தை உடனே உறிஞ்ச வேண்டும், தோலில் துகள் ஒட்டக்கூடாது, குழாயில் போனால் கரைய வேண்டும்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து கணக்குப் புத்தகம் வரை காகிதம் என்றால் சென்னையில் அந்தத் தெருதான். என் பள்ளி நோட்டுகளுக்கு உறை போடும் பழுப்புத் தாளைக்கூட அப்பா அங்கேதான் சுருளாக வாங்கி வருவார். ஓட்டல்களுக்கு டிஷ்யூ மொத்தமாகக் கொடுக்கும் ஒரு கடைக்காரர் நான்கு வகை ரோல்களை எடுத்துப் போட்டார். இரண்டில் மூங்கில் படம் இருந்தது, ஒன்று கரும்புச் சக்கைக் கூழ், ஒன்று சாதாரண மரக்கூழ். முகம் துடைக்கும் டிஷ்யூ ஒரு பெட்டியும், சமையலறைக்கான மூங்கில் துடைப்புத் தாள் ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி, பாதி தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தாளில் இரண்டு ஏடு போட்டு, மூடி இறுக்கி, இருபது முறை குலுக்கினேன். மூங்கில் கழிப்பறை ரோல் முதல் பத்துக் குலுக்கலிலேயே பிரிந்து, நீர்த்த அரிசிக் கஞ்சி போல ஆனது. கரும்புச் சக்கை ரோலும் அப்படியே. முகம் துடைக்கும் டிஷ்யூ தளர்ந்ததே தவிரத் தன் வடிவத்தை விடவில்லை. சமையலறைத் தாள், அதுவும் மூங்கில்தான், மடிப்பு கலையாமல் அடியில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் எடுத்துப் பிழிந்தபோதுகூடக் கிழியவில்லை. ஈரத்திலும் வலுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சில தாள்களில் ஒருவகைப் பிசினைச் சேர்க்கிறார்கள்; எந்த இழையால் ஆனது என்பதைவிட அந்தப் பிசின் இருக்கிறதா இல்லையா என்பதே குழாயின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே மூங்கில் என்ற சொல்லைப் பார்த்ததும் கழிவறையில் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலும் இரண்டு நிமிடமும் போதும், நீங்களே சோதித்துவிடலாம்.

மூங்கிலைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. உள்ளே வயிரம் பாய்ந்ததை மரம் என்றும் புறத்தே வயிரம் கொண்டதைப் புல் என்றும் நம் முன்னோர் பிரித்தார்கள்; அந்தக் கணக்கிலும் தாவரவியல் கணக்கிலும் மூங்கில் புல்தான். ஆனால் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் அதை மரமென்று வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கிலை வெட்டிக் கொண்டுபோகக்கூட அனுமதிச் சீட்டு கேட்கும் நிலை 2017 திருத்தத்தில்தான் நீங்கியது. சில வகை மூங்கில்கள் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரை வளரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிய கழிகளை வெட்டலாம். வெட்டிய பிறகும் மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருப்பதால் அடுத்த மழைக்குப் புதிய குருத்து தானே வரும், மறுபடி நட வேண்டியதில்லை. கனடாவின் வடபகுதிக் காடுகளில் ஒரு மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தக் காட்டு மரங்களின் கூழ் டிஷ்யூவாகி ஒருமுறை துடைத்தபின் போய்விடுகிறது என்பதை அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் 2019இல் ஓர் அறிக்கையில் கடுமையாகக் கண்டித்திருந்தது. இழையின் நீளமும் மூங்கிலுக்குச் சாதகம். யூக்கலிப்டஸ் போன்ற மரங்களின் இழை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மூங்கிலின் இழை சராசரியாக அதைப் போல இரு மடங்கு. அதனால் மெல்லிய தாள்கூட ஒற்றும்போது எளிதில் துகளாக உதிர்வதில்லை. என் முன்கையை நனைத்து ஒவ்வொரு தாளாக ஒற்றிப் பார்த்தேன். மரக்கூழ்த் தாள் வெள்ளை வெள்ளையாகப் பொடி விட்டது. மூங்கில் தாள் ஒன்றில் தோல் சுத்தமாக இருந்தது, மற்றொன்றில் பொடி ஒட்டியது.

இரண்டுமே மூங்கில் என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று தேடியபோதுதான் எனக்கு வருத்தமான ஒரு செய்தி கிடைத்தது. பிரிட்டனில் உள்ள 'விச்' என்னும் நுகர்வோர் அமைப்பு 2024இல், மூங்கில் என்று விற்ற ஐந்து நிறுவனங்களின் கழிப்பறைக் காகிதத்தை இழை இழையாகப் பரிசோதித்தது. இரண்டில் மட்டுமே முழுவதும் மூங்கில் வகைப் புல்லிழை இருந்தது. ஒன்றில் அது மூன்று விழுக்காடுகூட இல்லை. மீதியெல்லாம் யூக்கலிப்டஸ், வேலம் போன்ற மரங்களின் கூழ். என் கையில் பொடி விட்ட ரோலும் அப்படிப்பட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் அதன் பெயரையும் எழுதவில்லை. ஆனால் உறையின் முன்பக்கத்தில் பச்சை இலையும் மூங்கில் கணுவும் இருந்தன. பின்பக்கத்தில் எத்தனை விழுக்காடு மூங்கில் என்ற வரியே இல்லை. மற்றொன்றில் நூறு விழுக்காடு மூங்கில் கூழ் என்று எழுத்தில் இருந்தது. எழுத்தில் கொடுத்தவரை நாம் கேள்வி கேட்க முடியும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லிக்கொள்கிறவர் அதற்கான சான்றைக் காட்டக் கடமைப்பட்டவர். சந்தேகம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் நான் அடுத்துப் பார்ப்பது எங்கே தயாரானது என்பதை. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கென்றால் எந்த நாடு என்பதையும், இறக்குமதி செய்தவரின் முகவரியையும் அச்சிட்டாக வேண்டும். வாங்கி வந்த இரண்டு மூங்கில் ரோல்களில் ஒன்று சீனாவிலிருந்து வந்தது. அதில் என்ன குறை என்று கேட்கலாம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், சீனாவில் தயாராகும் மூங்கில் டிஷ்யூ, அமெரிக்காவில் தயாராகும் மரக்கூழ் டிஷ்யூவைவிட அதிகக் கார்பனை வெளியிடுகிறது என்று கண்டார்கள். குறை மூங்கிலில் இல்லை; ஆலையை ஓட்டும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதுதான் காரணம். நிலக்கரி என்றால் என்ன என்று வட சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்ததையும், அதனால் மீன்பாடு குறைந்ததையும் காசிமேட்டு உறவினர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். வேறொரு ஊரின் ஆற்றில் சாம்பல் படிய நம் வீட்டில் பசுமை இருந்து பயனில்லை. நம் நாட்டு ஆலைகளும் நிலக்கரி மின்சாரத்தில்தான் பெரிதும் ஓடுகின்றன என்பதை மறைக்கவில்லை; குறைந்தபட்சம் கடல் கடந்து வரும் தூரமாவது மிச்சம்.

நிறத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எங்கள் பேட்டைக்குப் பெயர் வந்ததே வெளுப்புத் தொழிலால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்த வண்ணார்கள் குடியேறிய இடம் இது. அவர்கள் நீரையும் வெயிலையும் கொண்டு வெளுத்தார்கள். காகித ஆலையில் அப்படி முடியாது. மூங்கில் கூழ் இயல்பாகப் பழுப்பு நிறம். அதை வெள்ளையாக்க ஒரு காலத்தில் நேரடியாகக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து டையாக்சின் என்னும் நச்சுகள் உருவாகி ஆறுகளில் சேர்ந்தன. இப்போது குளோரின் வாயுவுக்குப் பதிலாகக் குளோரின் டையாக்சைடு பயன்படுத்தும் முறையும், குளோரினே தொடாமல் ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும் முறையும் வந்துவிட்டன. வெளுக்காத தாள் என்றால் அந்த வேலையே இல்லை. ஈரம் ஒற்றப் பயன்படும் தாள் எதற்காக வெண்மையாக இருக்க வேண்டும்? பழுப்பு ரோலைப் பார்த்ததும் அம்மா, "அழுக்கா இருக்கே," என்று தயங்கினார். பச்சரிசிக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னதும் சரியென்று தலையசைத்தார். வாசனை சேர்த்த ரோலை நான் தொடவே இல்லை; புண்ணான தோலுக்கு அது எரிச்சல் தரும்.

கரும்புச் சக்கை ரோலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்து சக்கையைக் கொண்டு காகிதம் செய்து வருகிறது; சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பொருளிலிருந்து காகிதம் செய்வதை உலகுக்குக் காட்டியவர்களில் நாமும் முன்வரிசையில் இருக்கிறோம். சக்கைக்கென்று தனியாக ஒரு செடியும் வளர்க்க வேண்டியதில்லை. அம்மாவின் தோலுக்கு அந்த ரோல் சற்றுச் சொரசொரப்பாக இருந்தது என்ற ஒரே காரணத்தால்தான் மூங்கிலைத் தேர்ந்தேன். நலமான தோல் உள்ளவர்கள் சக்கையைத் தயங்காமல் வாங்கலாம். என்னைக் கேட்டால் சுற்றுச்சூழல் கணக்கில் அது மூங்கிலுக்குக் குறைந்ததில்லை.

விலைக்கு வருகிறேன். மூங்கில் ரோல் சாதாரண ரோலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ஆனால் ரோலின் பருமனைப் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். சமையல் தராசில் நிறுத்தபோது, பெரிதாகத் தோன்றிய ஒரு ரோல் 95 கிராம்தான் இருந்தது, நடுவிலிருந்த அட்டைக் குழலும் சேர்த்து. சிறிதாகத் தெரிந்த மூங்கில் ரோல் 160 கிராம். தளர்வாகச் சுற்றினால் எதுவும் பெரிதாகத் தெரியும். எத்தனை ஏடு, எத்தனை அடுக்கு, என்ன எடை என்று பார்த்தபின், எங்கள் மூன்று ஏட்டுக் கணக்கில் மாதச் செலவு வைப்ஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே வந்தது. ஞெகிழி உறையில் வருவதா காகித உறையில் வருவதா என்பதையும் பார்த்தே வாங்குகிறேன். ஞெகிழி உறைக்குள் மூங்கில் ரோல் இருந்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பயன்படுத்திய தாளை எங்கே போடுவது என்பதில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன். மூடிய குப்பைத் தொட்டியில் போட்டால் அது மாநகராட்சி வண்டியேறிக் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போகும். வழியில் தூய்மைப் பணியாளர் கைபட்டுத்தான் போகும். குழாயில் விட்டால் அதுவும் கொடுங்கையூருக்குத்தான், அங்குள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. நகரம் விலக்குவதெல்லாம் வந்து சேரும் இடத்தில் குடியிருக்கிறவர்களும் நம் வடசென்னை மக்கள்தான். அங்கே 2019 முதல், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் இருமுறை வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலை இயங்குகிறது. அந்த அளவுக்கு ஏரி நீர் மிச்சம். நம் வீட்டுக் குழாயில் விடுவது மீண்டும் பயன்படப்போகும் நீர் என்று தெரிந்த பிறகு, அதில் என்ன கலக்கிறோம் என்பதில் கவனம் வந்துவிட்டது. பல நாடுகளின் கழிப்பறைக் காகிதங்களில் எளிதில் அழியாத பிஃபாஸ் வகை வேதிப்பொருள் இருப்பதாக 2023இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூங்கில் என்பதால் மட்டும் அது இல்லாமல் போய்விடாது. ஆகையால் எந்தத் தாளானாலும் குறைவாகப் பயன்படுத்துவதையே முதல் விதியாக வைத்துக்கொண்டோம்.

கரையும் தாளைக் குழாயில் விடுவதென்றும், அட்டைக் குழலையும் காகித உறையையும் உலர் குப்பையில் தனியே கொடுப்பதென்றும் முடிவு செய்தோம். இதற்கு முன் அடைப்பு எடுத்தவரிடமே பாட்டில் சோதனையைக் காட்டிக் கருத்துக் கேட்டேன். கஞ்சியாகியிருந்த தண்ணீரைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஓடிடும்க்கா. ஆனா பழைய பைப்பு, மூணு தாளுக்கு மேல ஒரே தடவையா போடாதீங்க, பின்னாலயே அரை வாளி தண்ணி வேகமா ஊத்துங்க," என்றார். தெருவின் முதன்மைக் குழாய் எப்போதோ பதித்த கல்நார்க் குழாய் என்றும், வளைவில் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள மரப்பெட்டியில் அம்மாவுக்காக மூன்று மூன்று ஏடுகளாகக் கிழித்து மடித்து வைக்கிறேன். தொடையிலிருந்த புண் ஆறித் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இந்தப் புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன் சேம்பரைத் திறந்து பார்க்க அவரையே அழைத்தேன். இந்த முறை கையுறையை நான் வாங்கி வைத்திருந்தேன். மூடியை நெம்பிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிளாச்சுக் கட்டைப் பிரிக்காமலே மறுபடி தோளில் வைத்துக்கொண்டார்.